கசிவு என்று பெயர்

நாலு ஜிபியில் விழுந்தது, எட்டாக்கினோம்.
எட்டிலும் விழுந்தது, பன்னிரண்டு.
அதற்குமேல் கேட்டால் தணிகாசலம் சார்
சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.

ஆகவே தினமும் விடிகாலை மூன்று மணிக்கு
சர்வரைக் கொன்று எழுப்ப
ஒரு கிரான் வேலை.
தீர்வு என்று யாரும் சொல்லவில்லை.
இப்போதைக்கு, என்றோம்.
இரண்டு கோடை போயிற்று.

மூன்றாவது கோடைக்கு அதுவும் போதவில்லை.
ஏரித் தரை வெடித்த படம் செய்தியில் வந்த அன்று
தண்ணி லாரி பதியும் எங்கள் தளம்
காலை பதினொன்றுக்கே மூச்சடைத்து நின்றது.

சாவதற்குமுன் ஹீப்பைப் படியெடுத்துக்கொண்டேன்.
இரவு, பெருங்குடி, நான்காம் மாடி.
ஏசி ஓடுகிறது, கழிவறைக் குழாயில் காற்று.
குப்பைமேட்டுப் புகை
மூடிய ஜன்னலுக்குள்ளும் வழி கண்டுபிடித்துவிடுகிறது.

வரைபடம் ரம்பப் பல்.
ஏறும்; குப்பை வாரி வந்ததும் சட்டென இறங்கும்.
ஆனால் இறங்குமிடம்
ஒவ்வொரு தடவையும் ஒரு விரற்கடை மேலே.
கடைசியில் வார ஒன்றும் அகப்படாமல்
உலகத்தையே நிறுத்திவைத்து வாருகிறது,
பதினெட்டு நொடி.
அந்தப் பதினெட்டு நொடிக்குள்
வியாசர்பாடியில் யாரோ
பட்டனை இன்னொரு தடவை அழுத்துகிறார்கள்.

கசிவு என்று இதற்குப் பெயர் வைத்தது யாரோ.
லாரிதான் கசியும்,
மகாபலிபுரம் சாலை நெடுக ஈரக்கோடு இழுத்தபடி.
இது ஒரு சொட்டும் வெளியே விடுவதில்லை.
ஒரே ஒருவர் கையைப் பிடித்திருந்தால் போதும்,
அது குப்பை அல்ல, தொடாதே:
வாரிக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான்.

பதினோரு ஜிபி படியைத் திறக்க
என் லேப்டாப் மறுத்தது.
இஸ்மத்தின் மெஷினில் போட்டேன்.
டீ குடித்து வந்தேன், நாற்பத்தொரு சதவீதம்.
இன்னொரு டீ.

ஒரே ஒரு மேப். ஸ்டாடிக்.
மொத்த நினைவில் எண்பத்து மூன்று சதவீதம் அதன் பிடியில்.
எழுதியது ஷீபா ஜாஸ்மின், வேலையை விட்டு ஏழு வருஷம்.
மேலே ஒரு குறிப்பு: அப்புறம் நீக்கணும்.

லாரி புறப்பட்டால் சேதி சொல்ல
காத்திருப்பவர் பட்டியல் அது.
லாரி வந்து சேர்ந்தால் பெயர் நீங்கும்.
வராமலே போனால்?
அந்த வரியை யாரும் எழுதவில்லை.

ஒருத்தி பெயர் திரும்பத் திரும்ப.
அ. சகாயமேரி, ஹவுசிங் போர்டு, பி பிளாக்,
ஆறாயிரம் லிட்டர்.
3:04, 3:04, 3:05, 3:07...
இருநூற்றுப் பதினாலு தடவை.
ஒவ்வொரு அழுத்தலுக்கும்
அவள் ரேஷன் கார்டின் படம் ஒன்று,
மூலை மடங்கிய அதே படம், மூன்றரை எம்பி.

ஏன் மூன்று மணி என்று யோசித்தேன்.
அடுத்த பெயருக்கும் மூன்று மணி.
அதற்கடுத்ததற்கும்.
கொன்று எழுப்பிய கையோடு
தளம் கொஞ்ச நேரம் லேசாக ஓடும் என்பது
நாங்கள் யாருக்கும் சொல்லாதது.
ஊருக்கே தெரிந்திருக்கிறது.
அலாரம் வைத்து எழுந்திருக்கிறார்கள்.

திருத்தம் இரண்டு வரி.
இருபது நிமிடம் கழித்து விட்டுவிடு.
படத்தை நினைவில் வைக்காதே, டிஸ்க்கில் வை.
எழுதிவிட்டு அனுப்பாமல் உட்கார்ந்திருந்தேன்.
பிறகு வராத லாரிகளின் பெயர்களையெல்லாம்
ஒரு கோப்பில் இறக்கி
டிப்போவுக்கு மெயில் போட்டேன், சிசி தணிகாசலம்.
திட்டுவார்.

2:50க்கு ஏற்றினேன்.
கோடு படுத்துக்கொண்டது.
ரம்பம் இல்லை, பாய் விரித்த மாதிரி.

மூன்று மணிக்கு எல்லாம் அணைந்தது.
கிரானை எடுக்க மறந்திருந்தேன்.

எழுந்தது. காலி மேப். பூஜ்யம்.
3:04.
ஒன்று.
யார் என்று பார்க்கத் தேவையில்லை.
பார்த்தேன்.